எங்கள் பிக்கப் வண்டியின் இரண்டாவது தரை

பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, அதிலேயே சமைத்து அதிலேயே படுத்து ஊர் சுற்ற ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டியைத் தயார் செய்தபோது நான் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு, முதல் பயணம் எப்படி இருந்தது என்று பலர் கேட்டிருந்தீர்கள். தலக்கோனா அருவியைப் பற்றி எழுதலாம் என்றுதான் கிளம்பினேன். அருவியை நாங்கள் பார்க்கவே இல்லை.

புதிதாக வருபவர்களுக்கு: நான் நகரியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் முனிரத்தினம் விசைத்தறி மோட்டார்களைப் பழுது பார்ப்பவர். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன செய்வது என்றே தெரியவில்லை. "ஒரு வண்டி வாங்கி உள்ள படுக்கை போட்டுட்டா, எங்க தோணுதோ அங்க நிறுத்திக்கினு தூங்கலாம்" என்று இவர்தான் ஆரம்பித்தார். அடுத்த மாதமே சித்தூரில் பழைய வண்டிகள் விற்கும் ஓர் இடத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

வெள்ளை பிக்கப். பின்பக்கம் உயரமாகத் தகடு அடைத்த தொட்டி. மதனப்பள்ளி மார்க்கெட்டுக்குத் தக்காளி ஓட்டிய வண்டி என்று விற்றவர் சொன்னார். இவர் காதை இன்ஜினுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லாக் கீது" என்றார். ஆர்சி புத்தகம், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. மாலையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

புத்தூரில் பாஷா என்ற வெல்டரிடம் வண்டியை விட்டோம். மெக்கானிக் வேலையை இவர் பார்த்துக்கொண்டார்: கிளட்ச் பிளேட் புதிது, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் உடைந்ததை மாற்றியது, பிரேக் முழுக்கப் பிரித்துச் சேர்த்தது. பாஷா தொட்டியின் மேல் குழாய் வளைத்துக் கூண்டு கட்டினார். அதன் மேல் தார்ப்பாய். உள்ளே பிளைவுட் விரித்து இலவம்பஞ்சு மெத்தை. பின்கதவுப் பக்கம் இழுத்தால் வெளியே வரும் பலகையில் கேஸ் அடுப்பு. ஜன்னல் திரை நகரித் துணிதான், வேறென்ன.

வேலை நடக்கும்போது பாஷா இரண்டு விஷயங்கள் சொன்னார். ஒன்று, "தரை ரொம்ப ஒசரமா கீதுக்கா." சக்கரம் உள்ளே முட்டாமல் இருக்க உயர்த்தியிருப்பார்கள் என்று இவர் சொன்னார். இன்னொன்று, தொட்டியின் இரண்டு பக்கமும் கீழ் விளிம்பை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். "துருவுல வந்த மாரி தெரியல. டிரில் போட்டா மாரி வட்டமா கீது" என்றார் பாஷா. தக்காளித் தண்ணீர் வடியப் போட்டிருப்பார்கள் என்று மூவருமே முடிவுக்கு வந்தோம். பட்டி வைத்து எல்லா ஓட்டைகளையும் அடைத்து, மேலே பெயின்ட் அடித்தோம். அந்தப் பட்டி வேலையில் பாதி என்னுடையது. ஒவ்வொரு ஓட்டையையும் நானே கட்டைவிரலால் அழுத்தி அடைத்தேன்.

சங்கராந்தி விடுமுறையில் கிளம்பினோம். நகரியிலிருந்து புத்தூர் வழியாகத் திருப்பதி அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விடுமுறை நெரிசலில் இரண்டேகால் மணி நேரம் ஆனது. திருப்பதிக்குள் நிற்காமல் நேராகச் சந்திரகிரி. அங்கே தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில் வண்டியை நிறுத்த அனுமதி வாங்கியிருந்தேன். தோப்பிலிருந்து பார்த்தால் கோட்டை மலை முழுசாகத் தெரிகிறது. பின்கதவைத் திறந்து, அடுப்பை வெளியே இழுத்து, தக்காளித் தொக்கும் சோறும் ஆக்கினேன். இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னா சுகமாக் கீது பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று இரவு மெத்தையில் படுத்ததுதான் தெரியும். பல மாதங்களுக்குப் பிறகு நான் அவ்வளவு நன்றாகத் தூங்கியது அன்றுதான்.

எதன் மேல் படுத்துத் தூங்கினேன் என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை இட்லி துன்னுவிட்டு (எங்கள் பக்கத்துப் பேச்சு, மன்னியுங்கள்) பாகராப்பேட்டை சாலையில் ஏறினோம். திருப்பதியிலிருந்து பாகராப்பேட்டை ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். மலை வளைவுகளில் வண்டி முனகாமல் ஏறியது. அங்கிருந்து தலக்கோனாவுக்குப் பிரியும் சாலையில் காடு நெருங்கும்போது வனத்துறையினர் வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் காட்டில் செம்மரம் வெட்டிக் கடத்துவதால் சோதனை வழக்கமானதுதான்.

"பண்டி பக்கன ஆப்பண்டி" என்று ஓரம் கட்டச் சொன்னார் ஒரு பெண் அதிகாரி. நான் இறங்கித் தெலுங்கில் பதில் சொன்னேன். நகரி என்றதும் தமிழுக்கு மாறினார்.

"நானு சித்தூருதாம்மா. டீச்சரா? எத்தினி பேரு வந்திருக்கீங்க?"

"ரெண்டு பேருதான் மேடம். உள்ள படுக்கை போட்டிருக்கோம். வாங்க, பாருங்க."

எனக்குப் பெருமை. அடுப்பை இழுத்துக் காட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே பார்த்தார். அவருடன் இருந்த வனக்காவலர் ஒருவர் வண்டிக்கு அடியில் குனிந்து, கைத்தடியால் தட்டிக்கொண்டே போனார். நடுவில் சத்தம் மாறியது. மறுபடி தட்டினார். அதிகாரியின் சிரிப்பு நின்றுவிட்டது.

மெத்தையை எடுக்கச் சொன்னார். பிளைவுட்டையும் எடுத்தோம். தொட்டியின் உயரத்தை வெளியே ஒருமுறை, உள்ளே ஒருமுறை டேப் வைத்து அளந்தார்கள். வித்தியாசம் ஒன்றரை அடி. நான் கணக்கு டீச்சர். எண்பது குழந்தைகளுக்குக் கனஅளவு சொல்லிக்கொடுக்கிறேன். என் சொந்த வண்டியில் ஒன்றரை அடி காணாமல் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"இது தெரியாதா உங்களுக்கு?" என்று இவரைக் கேட்டார் அதிகாரி. தமிழ் பேசும் ஆண், பிக்கப் வண்டி, செம்மரக் காடு. அவர்கள் கண்ணில் இவர் யாராகத் தெரிகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே ஒரே ஒரு மரத்துண்டு இருந்தாலும் இவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

நம்பர் பிளேட்டுக்கு மேலே இருந்த தகடு அசைந்தது. நாங்கள் அடித்த பெயின்ட் அதன் இடுக்கை மூடியிருந்தது. கம்பி கொடுத்து நெம்பியதும் கதவு மாதிரித் திறந்துகொண்டது. முதலில் வந்தது வாடை. அடைத்துக்கிடந்த வியர்வையும் மூத்திரமும் சேர்ந்த வாடை.

மரம் இல்லை. விரித்த கோணிப்பைகள். பிளாஸ்டிக் பாட்டில்கள் சில, மூடி இறுக்கி. ஒரு துண்டு. ஒற்றைச் செருப்பு.

டார்ச் அடித்து மேலே காட்டினார் காவலர். நாங்கள் மெத்தை விரித்த தகட்டின் அடிப்பக்கம். துருவுக்கு நடுவில் அங்கங்கே வழவழவென்று தேய்ந்த இடங்கள். கை அளவுக்கு. என்னவென்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கட்டை ஏத்தற வண்டி இல்லம்மா இது" என்றார் அதிகாரி. "ஆளுங்கள ஏத்தற வண்டி. மேல தக்காளி டப்பா அடுக்கிடுவாங்க. கீழ மனுஷங்கள வரிசையாப் படுக்கப் போட்டு, மரம் வெட்டறதுக்குக் காட்டுக்குக் கொண்டாருவாங்க. மூச்சு விடறதுக்குப் பக்கத்துல ஓட்டை போட்டிருப்பாங்களே, அது எங்க?"

நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன்.

"நான்தான் மேடம் அடைச்சேன்" என்றேன். சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே எத்தனை பேர் படுக்க முடியும் என்று காவலர்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். நாலு என்றார் ஒருவர். ஆறு என்றார் மற்றவர். அப்போது இவர் செருப்பைக் கழற்றினார். யாரிடமும் எதுவும் கேட்காமல், அந்தத் தகட்டுக் கதவு வழியாகத் தலையை விட்டு உள்ளே ஊர்ந்து போனார்.

"இன்னாங்க! இன்னா பண்றீங்க? வெளிய வாங்க!" என்று கத்தினேன். உள்ளங்கால்கள் மட்டும் தெரிந்தன. மல்லாந்து படுத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து தகட்டை இரண்டு கையாலும் தள்ளும் சத்தம் கேட்டது. அந்தத் தேய்ந்த இடங்கள் எப்படி வந்தன என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது. காவலர்கள்தான் காலைப் பிடித்து மெதுவாக இழுத்தார்கள்.

வெளியே வந்தவர் சட்டையெல்லாம் துரு. அதிகாரி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"என்னையும் கூப்ட்டாங்க கல்பனா."

"யாரு? எங்க கூப்ட்டாங்க?"

"கல்யாணத்துக்கு முன்ன. நம்ம ஊருக்கு ஒரு ஆளு வந்தான். மரம் வெட்டற வேல, பத்து நாளு, சோறு போட்டுக் கூலி குடுப்பாங்கன்னான். நைனா போவாதன்னாரு. நான் போவல. ஏழுமலை போனான். என்கூட ஒரே பெஞ்சில படிச்சவன். வண்டி ஏறினது வரைக்கும் பாத்தேன். அப்பால அவன் வரவேயில்ல."

இருபது வருடம் ஒன்றாக வாழ்ந்திருக்கிறோம். ஏழுமலை என்ற பெயரை அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறேன்.

அதிகாரி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தார். அதற்குப் பிறகு அவர் குரல் மாறியது. "வண்டிய இங்கயே வுடணும். வேற வழி இல்ல. ஆனா பயப்படாதீங்க" என்றார். வனத்துறையின் ரேஞ்சு அலுவலகத்தில் இருவரிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். விற்றவரின் போன் அணைந்திருந்தது. நாங்கள் வாங்கிய தேதி, பாஷாவிடம் வேலை நடந்தபோது எடுத்த படங்கள், இந்த வலைப்பதிவு எல்லாவற்றையும் காட்டினேன். அந்தப் படங்கள் ரொம்பவே உதவின. மாலையில் எங்களைப் போகச் சொன்னார்கள். மெத்தையைச் சுருட்டி இவர் தோளில் வைத்துக்கொள்ள, திருப்பதி பஸ்ஸில் ஏறினோம். மெத்தையைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் யாரோ "கேம்பிங் போய்ட்டு வரீங்களா சார்?" என்று கேட்டார்கள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டி திரும்பக் கிடைக்கக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆனது. எங்கள் மேல் எந்த வழக்கும் இல்லை. விசாரணை எதுவரை போயிற்று என்று எனக்குத் தெரியாது. அந்தத் துண்டும் செருப்பும் யாருடையவை என்பதும் தெரியாது.

விற்றுவிடலாம் என்றேன். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"வித்தா வாங்கறவன் அந்தப் பொட்டியக் கண்டுபுடிப்பான். கண்டுபுடிச்சா அதுக்கே ஓட்டுவான். நம்மகிட்டயே கெடக்கட்டும்."

பாஷாவுக்கு முதலில் விஷயம் முழுசாகத் தெரியாது. "அக்கா, எவ்ளோ எடம்! தண்ணி டேங்க் வெச்சிடலாம், சாமான்லாம் உள்ள தள்ளிடலாம்" என்று ஆர்வமாக ஆரம்பித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, மேல்தரையை நான்கு பக்கமும் வெட்டி எடுத்தார். தகட்டை இவர் யாருக்கும் விற்கவிடவில்லை. அது துண்டு துண்டாகி இவருடைய மோட்டார் பட்டறைக்குப் பின்னால் கிடக்கிறது.

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இன்ஜின் சத்தம் கேட்பதற்கு முன்னால் டேப்பைக் கையில் எடுங்கள். தொட்டியின் ஆழத்தை வெளியேயும் உள்ளேயும் அளந்து பாருங்கள். தரையை அடியிலிருந்து தட்டிப் பாருங்கள். பின்பக்கத் தகட்டில் காரணமில்லாமல் கீல் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். முந்தைய உரிமையாளர்கள் யார் என்று கேளுங்கள். வேலை நடக்கும்போது தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காட்டுப் பக்கம் போனால் சோதனைக்கு ஒத்துழையுங்கள். அவர்கள் தட்டிப் பார்க்காமல் விட்டிருந்தால் நான் இன்னும் அதன் மேலேயேதான் படுத்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் மறுபடியும் கிளம்பினோம். இந்த முறை காட்டுப் பக்கம் வேண்டாம் என்று வரதய்யபாளையத்துக்கு அருகே என் சித்தப்பா மகனின் தோட்டம். புதுத் தரை தாழ்வாக, அகலமாக இருக்கிறது. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். நான் மெத்தையை விரித்துவிட்டு, "வாங்க" என்று கூப்பிட்டேன்.

"நீ படு. எனக்கு இங்க காத்து நல்லா வருது" என்றார்.

வண்டியிலிருந்து நான்கு அடி தள்ளி, வரப்போரம், வெறும் பாயில் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் என் தலையணையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் அந்தப் பாயின் மறுபாதியில் படுத்துக்கொண்டேன்.