கண் மட்டம் 112

"இந்த அக்கா ஏன் யாரையுமே பாக்க மாட்டேங்கறாங்க?"

இரண்டு வருடங்களுக்கு முன், பள்ளியிலிருந்து வரிசையாக வந்த பிள்ளைகளில் ஒரு சிறுமி என் விரலைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள். ஆறு வயது இருக்கும். ஒரு படத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்ன மாதிரி வாலுங்கள எல்லாம் பாக்க மாட்டாங்க" என்றேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்குச் சரியான பதில் எனக்குக் கிடைத்த மத்தியானத்தைத்தான் எழுதுகிறேன். நள்ளிரவு இல்லை, சுடுகாடு இல்லை. ஒரு விடுமுறை நாள், 1.40 முதல் 4.20 வரை. நேரத்தையும் அளவையும் உடனுக்குடன் எழுதி வைக்கிற தொழில் என்னுடையது. அந்தக் குறிப்பேடு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. கேட்பவர்களுக்குக் காட்டுகிறேன்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் ஓவியக் கூடத்தில் படம் மாட்டுகிறவள். பெண்கள் வரைந்தவை, பெண்களைப் பற்றியவை, ஆண் இப்படி, பெண் இப்படி என்று நாம் போட்டு வைத்த கோடுகளைக் கேள்வி கேட்பவை, இவற்றுக்கென்றே இருக்கும் கூடம். ஜன்னல் கிடையாது. மற்ற கூடங்களில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 155 சென்டிமீட்டரில் இருக்கும். எங்கள் கூடத்தில் 145. நிற்கிற பெண்ணின் கண் மட்டம் அது. கூடத்தை ஆரம்பித்தவர்கள் அளந்து வைத்தது. வருகிறவர்களிடம் எல்லாம் அதைப் பெருமையாகச் சொல்வோம்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. இருபத்தேழு படங்கள். முந்தைய கண்காட்சியில் ஒரு படம் அரை சென்டிமீட்டர் இறங்கிப்போய், விருந்தினர் முன்னால் கூடத்தின் இயக்குநருக்குத் தலைகுனிவு. "இந்தத் தடவ கோடு தப்புச்சுன்னா அடுத்த மாசம் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. வீட்டில் கணவர் படுக்கையில். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

காவலாளியை நாங்கள் கொட்டாவி என்றுதான் கூப்பிடுவோம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"தனியாவா உள்ள இருக்கப் போறீங்க?" என்று காலையில் கேட்டார்.

"உள்ள இருபத்தேழு பேர் இருக்காங்கண்ணே."

"அப்ப சரி. ஏதாவதுன்னா கூப்பிடுங்க. நான் கேட்டுலதான் தூங்... இருப்பேன்."

கூடத்துக்கு ஏற ஐந்து படிகள். பக்கத்திலேயே நீளமாக ஒரு சாய்தளம். என் முழங்காலுக்குப் படி ஆகாது. இருபத்திரண்டு வருடமாகச் சாய்தளத்தில்தான் தள்ளுவண்டியை ஏற்றுகிறேன். மேலே போனால் இரட்டைக் கதவு. ஸ்பிரிங் வைத்தது. தோளைக் கொடுத்து இடித்தால்தான் திறக்கும். கதவுக்கு மேலே ஆள் எண்ணும் கருவி. கண்காட்சி முடியும்வரை மொத்தமாக எண்ணும். அன்று காலைதான் பூஜ்யத்தில் வைத்தேன். நான் நுழைந்ததும், உள்ளே 1, வெளியே 0.

மத்தியானம் 1.25-க்குக் கடைசிப் படத்தை மாட்டினேன். அந்தச் சிறுமி கேட்ட அதே படம். தன்னையே வரைந்துகொண்ட ஒரு பெண். இருபது வயது. தோள்வரைக்கும்தான். நேராகப் பார்க்கிறாள். சீட்டில் 'மாணவி' என்ற ஒரே சொல், முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

இரண்டு ஸ்க்ரூ. 145. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழ் நடுவில் நின்றது.

1.40. தொம்.

கதவில் ஏதோ இடித்தது. தோள் உயரத்தில் இல்லை. கீழே. முழங்கால் உயரத்தில்.

தொம்... தொம்.

கொட்டாவியாக இருக்கும் என்று போய்க் கதவை இழுத்துப் பிடித்தேன். வெளியே தூறல். சாய்தளம் காலியாக இருந்தது. "யாருங்க?" என்றேன். என் இடுப்பை ஒட்டிக் குளிர்ச்சியாக ஏதோ உள்ளே போனது. காற்று என்று நினைத்தேன்.

கதவை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

உள்ளே 2. வெளியே 0.

கருவியில் கோளாறு என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். திரும்பி நடந்தேன். படம் இறங்கியிருந்தது.

டேப்பை வைத்தேன். 138.

ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தது. குமிழ் நடுவில். ஆனால் 145-இல் நான் போட்ட துளைகள் இல்லை. பென்சில் குறியும் இல்லை. சுவர் பிறந்த குழந்தை மாதிரி வழுவழுவென்று இருந்தது. துளையிட்டபோது கொட்டிய வெள்ளைத் தூள் மட்டும் தரையில் கிடந்தது.

2.05. மறுபடி துளையிட்டேன். 145-க்கு ஏற்றினேன். சுத்தியலை எடுக்கத் திரும்பினேன்.

கிரீச்...

எண்ணெய் காணாத சக்கரம். என் தள்ளுவண்டி மூலையில் அசையாமல் நின்றது.

திரும்பினேன். 126.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. உதட்டில் பிரார்த்தனை ஓடியது, கையில் டிரில் ஓடியது. 2.50-க்கு மூன்றாம் முறை ஏற்றினேன். "அக்கா, யாரா இருந்தாலும் சரி, என் வேலை போயிடும்க்கா" என்று வாய்விட்டே சொன்னேன்.

கிரீச்... கிரீச்...

இப்போது பக்கத்தில்.

தரையைப் பார்த்தேன். ஈரக் கோடுகள். இரண்டு. கதவிலிருந்து வளையாமல் நெளியாமல் வந்து படத்துக்கு முன்னால் நின்றிருந்தன. நடுவே காலடித் தடம் ஒன்றுகூட இல்லை.

கை தானாக டேப்பை எடுத்தது. இரண்டு கோட்டுக்கும் இடையே 56.

நிமிர்ந்தேன்.

படம் 112-இல் இருந்தது.

ஓடியிருப்பேன். முழங்கால் விடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்து மற்ற இருபத்தாறு படங்களிலும் முகமே தெரியவில்லை. கூரை விளக்கு கண்ணாடியில் விழுந்து ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைத் தகடு. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்தச் சிறுமி நின்ற உயரம் எனக்கு ஞாபகம் வந்தது.

இவள் ஒருத்தி மட்டும் பார்த்தாள். நேராக. என் கண்ணுக்குள்.

கெஞ்சல் இல்லை அந்தப் பார்வையில். "நான் மேலே வர மாட்டேன். நீ இறக்கு" என்றது.

என் இடது தோளுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ, கடைசியில் டிரில்லைக் கீழே வைத்தேன்.

"இருக்கட்டும்க்கா" என்றேன். "இங்கேயே இருக்கட்டும்."

மூச்சு மெதுவாக வெளியே வந்தது. என் காது மடல் குளிர்ந்தது.

4.20.

அதன்பின் சத்தமே இல்லை. நான் கதவை இழுத்துத் திறந்து வெளியேறினேன். திரும்பிப் பார்க்கவில்லை. கருவியை மட்டும் பார்த்தேன்.

உள்ளே 2. வெளியே 1.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இயக்குநர் வந்தார். கையில் கருவியின் முந்தின நாள் கணக்கு.

"நேத்து யாரைக் கூட்டிட்டு வந்தீங்க? ரெண்டு பேர் உள்ள வந்திருக்கீங்க. ஒருத்தர்தான் வெளிய போயிருக்காங்க."

அதற்குள் அவர் படத்தைப் பார்த்துவிட்டார்.

"என்ன கூத்து இது? மேல ஏத்துங்க."

"ஏத்த மாட்டேன் மேடம்."

இருபத்திரண்டு வருடத்தில் அந்த வார்த்தை என் வாயில் வந்ததில்லை. அவருக்கும் சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம்.

"என்ன சொன்னீங்க?"

"இந்தக் கூடத்துக்கு நிக்க முடிஞ்சவங்க மட்டும் வர்றதா இருந்தா ஏத்தறேன். ஒரு தடவ ஸ்டூல்ல உக்காந்து பாருங்க. அப்புறம் என்னை வேலைய விட்டுத் தூக்கிக்குங்க."

கோபத்தோடுதான் உட்கார்ந்தார். ஒரு நிமிடம். சுற்றிலும் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். எழுந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"இன்னும் ரெண்டு ஸ்டூல் கொண்டுவந்து போடுங்க" என்றார். "துணைக்கு."

என் வேலை போகவில்லை.

ஒரு வாரம் கழித்து, நான் கேட்டிருந்தபடி, ஆவண அறையிலிருந்து அந்தப் படத்தின் கோப்பு வந்தது. மேலே ஒரு கடிதம். வரைந்தவள் எழுதியது. ஏழு வயதிலிருந்து அவளுக்குக் கால் வராது. சக்கர நாற்காலி. அவள் படம் இந்தக் கூடத்தில் தொங்கியது. அவளால் ஐந்து படி ஏற முடியவில்லை. தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்களாம். அவள் எழுதியிருந்தாள்:

"என்னைத் தூக்க நாலு ஆள் வேண்டாம். ஒரு பலகை போடுங்கள், நானே வருகிறேன். படத்தை என் கண் மட்டத்தில் மாட்டுங்கள். அளந்திருக்கிறேன். 112 சென்டிமீட்டர்."

கடிதத்துக்குப் பின்னால் அன்றைய காவலாளியின் குறிப்பு. கண்காட்சி நடந்த பத்தொன்பது நாளும், வகுப்பு முடிந்து வந்து, படிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மழையிலும் நகரவில்லை. தினமும் 1.40 முதல் 4.20 வரை.

சாய்தளம் அடுத்த வருடம் கட்டினார்கள். அவள் காய்ச்சலில் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கட்டியவர்கள் கதவை மட்டும் மறந்துவிட்டார்கள். உட்கார்ந்த நிலையில் அந்த ஸ்பிரிங் கதவை யாராலும் தள்ள முடியாது.

இருபத்திரண்டு வருடம் என் முழங்காலைத் தாங்கிய பாதை யார் கேட்டு வந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கண்காட்சி முடியும்வரை ஒவ்வொரு மாலையும் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது கருவியைப் பார்த்தேன். எத்தனை பேர் வந்து போனாலும், வெளியே என்ற எண் ஒன்று குறைவாகவே இருந்தது. எனக்குப் பயம் போய்விட்டிருந்தது. ஆனால் கடைசி நாள் படங்கள் இறங்கிவிடும். வெறுஞ்சுவர் முன்னால் அவளை வைத்துப் பூட்ட எனக்கு மனசு வரவில்லை.

அன்று எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தேன். இருபத்தாறு படங்களை இறக்கினேன். அவளுடையதைக் கடைசியாக இறக்கி, கிடங்கில் கீழ்த்தட்டில், முகம் வெளியே தெரிய வைத்தேன். அந்த இரண்டு துளைகளை மட்டும் பூசி மூடவில்லை.

பிறகு கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்து, கீழே மரக்கட்டை கொடுத்து நிறுத்தினேன். சாய்தளத்தில் கிடந்த சருகுகளைப் பெருக்கினேன்.

"மெதுவா போங்கக்கா" என்றேன். "எப்ப வேணாலும் வாங்க. கதவு என் பொறுப்பு."

அவள் வருவதையும் போவதையும் யாரும் எண்ண வேண்டாம் என்று, முழங்கால் வலியோடு ஏணி போட்டு ஏறி, எண்ணும் கருவியை ஒரு துணியால் மூடினேன். இறங்கி, முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.