வெள்ளிக்கிழமைக் காப்பி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது; எழுத்துப் பிழைகளும் இருக்கும். திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சப்பட்டு இத்தனை வருடம் ஓடிவிட்டதால் எழுதுகிறேன்.

இது நடந்தது 1963இல், கடலூரில். எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில். வேலை, கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருப்பாதிரிப்புலியூரில், ஒரு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுவது. முன்வருடம் மழைக்காலத்தில் எங்கள் ஒரே பையன், மூன்று வயது, நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டான். சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை என்பதால் ஆற்றங்கரையில் புதைத்தோம். பெண்கள் அங்கே வரும் வழக்கம் இல்லை. என் மனைவி வாசலோடு நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே இல்லை. சமைப்பாள், போடுவாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தலை குளித்து, முகம் கொஞ்சம் தெளிவாக இருக்கும். இன்னொன்றும் கவனித்தேன். அன்றைக்கு மட்டும் என் காப்பியில் பால் கம்மியாக இருக்கும். ஏன் என்று நான் கேட்கவில்லை. கட்டிய மனைவியிடம்கூட எதையும் கேட்கக் கூச்சப்படுகிறவன் நான்.

சிதம்பரத்தில் இருந்த என் மச்சான் ஒருநாள் வந்து அக்காவைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டான்.

"மாமா, அக்காவ இந்த ஊட்லயே வச்சிருந்தீங்கன்னா அது பைத்தியமாயிடும். எனக்குத் தெரிஞ்ச ஜவுளிக்கடையில ஆள் கேக்குறாங்க. சம்பளம் இங்க வாங்குறதுல பாதிதான். யோசிச்சிச் சொல்லுங்க."

ஒரு மாதம் யோசித்தேன். பாதிச் சம்பளத்தில் வாடகை கொடுத்து எப்படிச் சாப்பிடுவது? அந்த வயதில் துணி மடிக்கப் பழக முடியுமா? ஒருநாள் போகலாம் என்று தோன்றும், மறுநாள் பயம் வந்துவிடும். கடைசியில், அவளுக்காகத்தானே, பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தேன். அவளிடம் சொன்னபோது, "ஒங்களுக்கு எது சரின்னு படுதோ, செய்ங்க" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மண்டி முதலாளி சிரித்தார். "ஊர்ல அவனவன் சம்பளம் ஜாஸ்தின்னா ஓடுவான். நீ கம்மின்னு ஓடுற. நடராஜர் லெட்டர் போட்டாரா?" நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்துவைத்தேன்.

ஒரு புதன்கிழமை காலையில் கிளம்பினோம். ரயிலடிக்குப் போக, பாலத்தடியில் எப்போதும் நிற்கும் பாயின் ஜட்கா வண்டியைக் கூட்டிவந்து பாத்திரம் பண்டங்களை ஏற்றினேன். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாய் தானாகவே வண்டியை நிறுத்தினார்.

"எறங்கிப் பாத்துட்டு வர்றீங்களாம்மா? வெள்ளிக்கெழமதானே பால் சொம்போட வருவீங்க, இன்னிக்கி புதனாச்சே?"

அவர் கள்ளமில்லாமல்தான் கேட்டார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்குக் காப்பியின் கணக்குப் புரிந்தது.

இரண்டு பேரும் இறங்கினோம். குழி தோண்டியபோது பக்கத்தில் நின்றவன் நான். ஆனால் எனக்கு இடம் தெரியவில்லை. அவள்தான் முன்னால் நடந்தாள். ஆற்றில் துணி துவைக்கும் ஒரு பெண்ணிடம் விசாரித்து இடத்தைக் கண்டுபிடித்தாளாம். நாலு கல் வைத்திருந்தாள். அவள் நட்டிருந்த ஒரு நொச்சிக் குச்சி துளிர்த்திருந்தது. அவள் உட்கார்ந்து கல்லின் மேலிருந்த மண்ணைக் கையால் தள்ளினாள். "இன்னிக்கிப் பால் கொண்டாரலியே சாமி" என்றாள், என்னிடம் அல்ல.

"போவ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க மத்தியானம் சாப்புட்டுட்டுத் திரும்பப் போவும்போது, பாலத்துல மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கினு போவீங்க. இங்கேருந்து பாத்திருக்கேன். ஒங்களால முடியலன்னு தெரிஞ்சிது. அதான் வேணாம்னு சொல்லல."

அவள் சொன்னது நிஜம். அந்த ஒரு வருடமும் நான் ஆற்றைப் பார்த்ததே இல்லை. ஊரை விட்டு ஓட வேண்டியிருந்தது எனக்குத்தான். அதற்கு அவள் பெயரைச் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு இருந்தது அந்த நாலு கல் மட்டும். அதையும் விட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தேன்.

இங்கேயே இருந்துவிடலாம் என்றேன். மண்டியில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதும், வீட்டைக் காலி செய்துவிட்டதும் அவளுக்குத் தெரியும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரயில் வந்துடும், வாங்க" என்று எழுந்தாள். பாய் எங்களிடம் காசு வாங்கவில்லை.

சிதம்பரத்தில் முதல் வெள்ளிக்கிழமை. காலையில் காப்பி கொடுத்தாள். வெள்ளை வெளேரென்று, நிறையப் பால். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

அன்றைக்கே கடை முதலாளியிடம் போய், என் வாழ்நாளில் முதல் தடவையாக வாய் திறந்து, வெள்ளிக்கிழமைதோறும் லீவு கேட்டேன். "வெள்ளிக்கெழமையா? சாமி கும்புட வர்ற கூட்டம் பூரா அன்னிக்கித்தான்யா கடைக்குள்ள வரும்!" என்று கத்தினார். விஷயத்தைச் சொன்னேன். கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு, மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடுகிறேன் என்றார். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை நானும் அவளும் பால் சொம்போடு போய் வருகிறோம். நடுவில் ஒரு மழைக்காலத்தில் ஆறு கரையை அறுத்துக் கல்லையும் நொச்சியையும் கொண்டுபோய்விட்டது. இப்போது தண்ணீரில்தான் ஊற்றுகிறாள்.

போகாத வெள்ளிக்கிழமைகளிலும் என் காப்பிக்குப் பால் கம்மியாக ஊற்றச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அந்தப் பாலைக் கொடுக்கிறாள். அந்தக் கறுத்த காப்பியைக் குடிக்கும் போதெல்லாம், அவளுக்காக என்று நான் எடுத்த முடிவில் அவளிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்காமல் போனேனே என்பதுதான் நினைவுக்கு வருகிறது.

எழுதி முடித்தது: 24-1-1969, வெள்ளிக்கிழமை.