சினிமா பாட்டுக்குச் சாமி வருமா?

போன வாரம் எங்கள் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. புதூர் பக்கம். கோவில்பட்டிக்குத் திரும்பி வந்தும் காதுக்குள் மேளம் அடங்கவில்லை. அதனால் இந்த வாரம் வேறு எதுவும் எழுத வரவில்லை... பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேள செட்டுக்குத் தலைவி முத்துலட்சுமி அக்கா. நாதஸ்வரம். அவர் வீட்டுக்காரர் சங்கரபாண்டி அண்ணாச்சி தவில். இந்த வருஷம் புதுசாக ஒரு கீபோர்டு! வாசிப்பவன் செல்வம் — புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கிறவன். கொடை சீசனில் மட்டும் மியூசிக்.

“காலர் தைக்கிறவன் சாமிக்கு என்னத்த வாசிக்கப் போறான்?” ஊரில் ஒரே கேலி.

அக்கா அசரவில்லை. கேலி செய்தவரையே திருப்பிக் கேட்டார்: “கீபோர்டு வேண்டாம்னு சாமி எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே அண்ணாச்சி. ஒங்ககிட்ட சொல்லிச்சோ?”

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் மட்டும் அந்தச் சிரிப்பில் சேர முடியவில்லை. காரணம், என் சித்தப்பா மகன் காளிராஜ்.

எங்கள் குடும்பத்துச் சாமியாடி சித்தப்பாதான். அவர் போன பிறகு அந்த உரிமை காளிராஜுக்கு. ஆனால் போன கொடையில் அவன் மேல் சாமி வரவில்லை. இந்தத் தடவையும் வராவிட்டால் உரிமை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். பங்காளி கந்தையா பெரியப்பா அதை ஊர்க்கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அதை வைத்துக்கொண்டு அவனுக்கு நான் என்ன செய்துவிட முடியும்? தோளில் கை வைத்தேன். அவ்வளவுதான்.

மதியக் கொடை. கரிசல் வெயில். ஈர வேட்டியோடு சாமி முன்னால் காளிராஜ் உட்கார்ந்திருக்கிறான். பொங்கல் பொங்க இன்னும் நேரமிருக்கிறது. சாமியை அழைக்கிற மேளம் அதற்குப் பிறகுதான். அதுவரை சும்மா இருப்பானேன் என்று, இளவட்டங்கள் கேட்ட சினிமா பாட்டை எடுத்தது செட். கீபோர்டில் பீட் அதிர, விசில் பறக்க...

காளிராஜின் தோள் நடுங்கியது.

“ஏலே, இங்கன பாருங்கலே! பாட்டைக் கேட்டதும் ஆடுதான்!”

கூட்டத்தில் சிரிப்பு. பெரியப்பா எழுந்துவிட்டார். “சினிமா பாட்டுக்கு வாரதெல்லாம் சாமியா? நிறுத்துங்க மேளத்த!”

நிறுத்தினால்? வந்தது போய்விடும். தொடர்ந்தால்? சாகும்வரை அவனை ‘டான்ஸர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அக்கா நிறுத்தவும் இல்லை, தொடரவும் இல்லை. குழலை வாயிலிருந்து எடுக்காமலே பாட்டின் கடைசிச் சுரத்தை இழுத்தார்... இழுத்துக்கொண்டே செல்வத்தைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். அவன் பீட்டை அணைத்தான். அதே சுரத்தின் கட்டையை மட்டும் அழுத்திப் பிடித்தான். நாதஸ்வரத்துக்குத் துணையாக ஒரே சுரத்தை விடாமல் ஊத ‘ஒத்து’ என்றொரு குழல் உண்டு — அந்த வேலையைக் கீபோர்டு செய்தது! அதன்மேல் சங்கரபாண்டி அண்ணாச்சி, பாட்டின் தாளத்துக்குள்ளிருந்தே சுடலைக்குரிய அடியை உருவி எடுத்தார்.

எங்கே பாட்டு முடிந்தது? எங்கே சாமி மேளம் தொடங்கியது? பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. பழசா புதுசா என்று டீக்கடையில் நாம் போடாத சண்டையா? அந்த அம்மா இரண்டையும் ஒரே மூச்சில் ஊதிவிட்டார்!

காளிராஜ் எழுந்தான். அவனிடம் அப்படியொரு நடையை நான் பார்த்ததே இல்லை. கூட்டம் தானாக விலகியது. சிரித்தவர்கள் கை கூப்பினார்கள். திருநீற்றை அள்ளிக்கொண்டு நேரே பெரியப்பா முன்னால் போய் நின்றான். அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நெற்றியைக் காட்டினார்.

“படிச்சவன் நீ, இதையெல்லாம் நம்புறியா?” என்பீர்கள். அந்த மேளத்தை நம்புகிறேன். இப்போதைக்கு அது போதும்.

எல்லாம் முடிந்து தவில் ஓய்ந்தது. நாதஸ்வரம் ஓய்ந்தது. ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால் செல்வம் — கண்ணை இறுக மூடியபடி, அந்த ஒற்றைக் கட்டையை அழுத்திக்கொண்டு...

“ஏலே செல்வம், கைய எடுலே! சாமி மலையேறி எவ்வளவு நேரமாச்சு!”