நண்பனுக்காக வாங்கிய கஷாயம்

மருந்துக் கடை வேலை என்றால் மருந்து விற்பது என்று நினைக்கிறார்கள். வந்தவர் சொல்லத் தயங்குவது அவர் வாய்க்கு வந்து சேரும்வரை சும்மா நிற்பதுதான் பாதி வேலை. கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள்.

ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஒரு போபா டீக் கடைக்கும் வருமான வரி ஆபீஸுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் சீன மூலிகைக் கடை. கணவரின் விசா தயவில் எனக்கும் வேலை பார்க்க அனுமதி வந்தபோது, படித்த எலெக்ட்ரானிக்ஸுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல் இங்கே வந்து ஒட்டிக்கொண்டேன். லியு ஆன்ட்டி நாடி பார்த்து மருந்து சொல்வார். நான் அதை எடை போட்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். காலையில் வெளியே பனிமூட்டம், உள்ளே ஏதோ வேர் கொதிக்கிற ஆவி, அந்த வாசனையில் எனக்குக் கண் சொக்கும். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் குழந்தை வேண்டி வருகிற ஆண்கள். அதனால் ஒவ்வொரு இழுப்பறைக்குள்ளும் ஒரு குழந்தை தூங்குகிற மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. மெதுவாகத்தான் திறப்பேன்.

நண்பனுக்காக

எந்த ஆணும் தனக்காக வருவதில்லை, நண்பனுக்காக வருவார். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்த்துவிட்டால், அந்த நண்பனும் தூரத்து நண்பனாகிவிடுவான். சரவணனும் அப்படித்தான் வந்தார். ஈரோட்டுக்காரர், சான் ஹோசேயில் சாஃப்ட்வேர் வேலை. கோஜி பெர்ரி பாக்கெட்டை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். நண்பனுக்குக் கல்யாணமாகிச் சில வருஷமாகிறது, குழந்தை இல்லை. டெஸ்ட் எடுத்ததில் குறை நண்பனிடம்தான் என்று வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வைத்தியம் ஒரு பக்கம் நடக்கிறது, கூடவே இதுவும் பார்க்கலாமென்று... நண்பனின் அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாதாம். அவர் மருமகளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

நான் எல்லாவற்றையும் லியு ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் பேசுவது உடைந்த இங்கிலீஷ். என் காதில் விழும்போது எப்படியோ தமிழாகிவிடும். நாடி பார்க்கிற குட்டித் தலையணையைச் சரவணன் முன்னால் நகர்த்தினார். "சரி, அந்த ஃப்ரெண்டோட கையை இதுமேல வை."

புரட்டாசி

ஆன்ட்டி மூன்று விரலை மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடினால் கடையே மூச்சடங்கிப் போகும். வெளியே பஸ் போவதுகூட எங்கோ கடலுக்கு அப்பால் போகிற மாதிரிக் கேட்கும். சரவணன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். எழுப்பியதும் வெட்கப்பட்டுக்கொண்டு, கனவில் யாரோ அவர் சுண்டு விரலைப் பிடித்து இழுத்ததாகச் சொன்னார். யார் என்று நான் கேட்கவில்லை.

ஐந்து வகை விதைகள் எழுதி, அதோடு கொஞ்சம் மான் கொம்புச் சீவலும் சேர்க்கலாம் என்றார் ஆன்ட்டி. சரவணன் ஃபோனில் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "மேடம், இது புரட்டாசிங்க. கொம்பு மட்டும் ஐப்பசி பொறந்தப்புறம் போட்டுக்கலாங்களா?"

குக்கர்

மண் சட்டியில், சின்னத் தீயில் கொதிக்க வைக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மனிதர் அரிசி, பருப்பு மாதிரி குக்கரில் போட்டு விசில் விட்டிருக்கிறார். அபார்ட்மென்ட் முழுக்க வாசனை. அந்தச் சமயம் பார்த்து ஈரோட்டிலிருந்து அம்மா வந்திருந்தார். "என்ன கண்ணு இது?" என்று கேட்க, "கஷாயம்மா" என்றாராம் மகன். யாருக்கு என்று அம்மா கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. டம்ளரில் ஊற்றிக்கொண்டு நேராக மருமகள் கவிதாவிடம் போய் நின்றிருக்கிறார். கவிதா கணவரைப் பார்த்தார். கணவர் லேப்டாப்பைப் பார்த்தார். கவிதா டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டார். அதற்கப்புறம் தினமும் காலையில் அதே கதைதான்.

இதைச் சரவணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முதல்ல அதை நிறுத்துங்க, அவங்க டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க" என்றேன். ஆன்ட்டி மட்டும் பதறவில்லை. இவருடைய மருந்தை மனைவி குடித்தால் இவர் என்னத்தைக் குடிக்கிறார் என்று கேட்டார். சரவணன் உண்மையைச் சொன்னார். "காபிங்க."

தலையணை

அந்தச் சனிக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். அம்மா நேராக என்னிடம் வந்தார். "அம்மிணி, இன்னுங் கொஞ்சம் கட்டியாக் குடுக்கச் சொல்லு கண்ணு. இவளுக்கு இது பத்தல." கவிதா இழுப்பறைகளைப் பார்த்தபடி நின்றார், நான் பார்ப்பது போலவே, உள்ளே யாரோ தூங்குவது போல. அம்மா அவர் கையைப் பிடித்துத் தலையணைமேல் வைத்தார். ஆன்ட்டி விரலை நீட்டினார்.

அப்போது சரவணன் குறுக்கே வந்து மனைவி கையை மெல்ல எடுத்துவிட்டுத் தன் கையை வைத்தார். "அம்மா, மருந்து எனக்கு. கொறையும் எனக்குத்தான். என் மானம் போயிரக் கூடாதுன்னு இவ குடிச்சிட்டிருந்தா." வைத்த கையை எடுக்கவில்லை. ஆன்ட்டி ஒன்றுமே நடக்காத மாதிரி நாடியில் விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கொதிக்கிற வேரின் ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது. அம்மா கத்தப் போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார், முந்தானையால் கண்ணைத் துடைத்தார், மகனின் தலையைத் தடவினார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "ஏங்கண்ணு, இதுல துளி தேன் ஊத்திக்கலாமா? இவனுக்குச் சின்னதுலருந்தே கசப்பு ஆவாது" என்றார்.

கவிதா அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார். "நான் தேனில்லாமத்தான் குடிச்சேன், அத்தை."

மருந்து பலித்ததா என்று கேட்காதீர்கள், அது ஆன்ட்டிக்கே தெரியாது. அந்த வீட்டில் குடிக்க வேண்டியவர்தான் இப்போது குடிக்கிறார் என்பதுவரைக்கும் நான் கேரண்டி.