மருமகனின் மூன்று விஸ்கியும் என் மூக்கும்

மருமகன் ரவி அமெரிக்காவிலிருந்து மூன்று விஸ்கிப் போத்தல் கொண்டுவந்தார். எல்லோரும் குடிக்கிற போர்பன் விஸ்கி இல்லையாம். ஒன்று சோளம், ஒன்று றை என்ற தானியம், மற்றது புகையூட்டிய பார்லி.

இன்று பின்னேரம் எல்லிங்ஸ்ருட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த தன் கூட்டாளி குகனுக்கு, எது எதுவென்று சொல்லாமல் மூன்று கிளாசில் ஊற்றிக் கொடுத்தார்.

குகன் குறொன்லாண்ட் கடையில் வாங்கிய உறைப்பு மிக்சரை வாய் நிறையப் போட்டு, விஸ்கிக்குக் கோலாவும் விட்டுக் குடித்தார்.

"மச்சான், மூண்டும் ஒண்டுதான். ஆராவது வித்தியாசம் கண்டுபிடிச்சா, இண்டைக்குச் சட்டி முழுக்க நான் கழுவுறன்!"

ரவியின் முகம் வாடிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, நாக்கு உறைப்பிலை எரியேக்கை என்ன ருசி தெரியும்? இஞ்சை கொண்டாங்கோ."

கோலா விடாமல் புதிதாக ஊற்றித் தந்தார்கள். ஒவ்வொன்றாக மணந்து பார்த்தேன்.

"இது அவிச்ச சோளம். இதிலை புகை மணக்குது. இது றை. முதியோர் இல்லத்துக் குசினியிலை எத்தினை வருசம் றைப் பாண் வெட்டினனான்!"

"மாமி, மூண்டும் சரி!" என்று ரவி துள்ளிக் குதித்தார்.

குகன் சட்டி தேய்க்கப் போனார். அங்கிருந்தே கேட்டார்: "அன்ரி, ஒரு வாய் குடிச்சும் பாருங்கோவன்."

"இண்டைக்கு வெள்ளி, விரதமெல்லோ."

"நாளைக்குச் சனிதானே மாமி!" என்று ரவி மூன்று கிளாசையும் மூடி வைத்துவிட்டார்.

எதிலிருந்து தொடங்கலாம்? அனுபவமுள்ளவர்கள் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.