வாட்டர் பார்க் போய் மீனுக்குத் தீன் போட்டோம்

குளோரின் மணமும், வெயிலில் சுட்ட சீமெந்துத் தரையில் ஈரக்கால் படும்போது வரும் அந்தச் சூடும்... எங்காவது ஒரு நீச்சல் தடாகத்தைக் கடந்து போனால் இன்றும் எனக்கு அந்தப் பயணம்தான் நினைவுக்கு வருகிறது. முழுதாக விளங்காத பயணம்.

நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த காலம். வாப்பாவுக்குக் கல்முனை பஸாரில் ஹார்ட்வெயார் கடை. பெருநாளைத் தவிர அதைப் பூட்டாத மனிதர். திடீரென்று ஒருநாள், "கொழும்புப் பக்கம் ஒரு வாட்டர் பார்க் இரிக்காம். தங்க ரூமும் இரிக்காம். நாலு பேரும் போவம்" என்றார்.

வாப்பா, உம்மா, ராத்தா, நான். ராத்தா என் அக்கா, அப்போது கணித டீச்சர்.

எனக்கு ஒரே எண்ணம்... தண்ணீர்ச் சறுக்கு. விளம்பரப் படத்தைப் பார்த்தே உயரம், சரிவு, கீழே விழும் வேகம் எல்லாவற்றையும் மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு சறுக்குப் பக்கம் நடந்தால், வாப்பா மறித்தார்.

"எங்க போறாய்? மீனுக்குத் தீன் போடப் போவம், வா."

"நம்மட கடல்ல இல்லாத மீனா வாப்பா?"

"இது கலர் மீன். கதைக்காம வா."

இப்படியான இடங்களில் யாரும் எட்டிப் பார்க்காத சில அயிட்டங்கள் இருக்கும். முன்னால் சறுக்குக்கு வரிசை நீண்டு கிடக்கும். பின்பக்கத்தில் மீன்குளம், களிமண் பானை செய்யும் கொட்டில், பெடல் படகு எல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் போனதெல்லாம் பின்பக்கத்துக்கு.

குளத்தடியில் ஏற்கெனவே ஒரு குடும்பம் நின்றது. தாய், தகப்பன், மகன். மகனுக்கு முழுக்கைச் சட்டை, மினுக்கிய சப்பாத்து. வாட்டர் பார்க்குக்கு! ஸலாம் சொன்னார்கள். எங்கள் கரையிலேயே உள்ள ஒலுவில் ஆட்களாம்.

"அட, நீங்களும் வந்திரிக்கிங்களா?" என்று வாப்பா ஆச்சரியப்பட்டார். வாப்பாவுக்கு நடிக்க வராது. அது கூட அப்போது எனக்கு ஓடவில்லை.

அடுத்தது களிமண் கொட்டில். உம்மா செய்த பானை ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனது. நிமிர்ந்து பார்த்தால் எதிரில் அதே குடும்பம். சப்பாத்துக்காரரின் முழுக்கையெல்லாம் களிமண்.

எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ராத்தா, இந்த ஆக்கள் நம்மளுக்குப் பின்னாலயே வாறாங்க. செக்யூரிட்டிக்கிட்டச் செல்லட்டா?"

உம்மா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மடையா," என்றாள் ராத்தா, "என்னப் பாக்க வந்திரிக்காங்க."

"அதுக்கு ஊட்டுக்கு வரலாமே. இவ்வளவு தூரமா?"

"ஊட்ட வந்தவங்க என்ன சென்னாங்க? தெருவே கதைச்சது மறந்திட்டா? இனி ஒருத்தரும் ஊட்டுக்கு வரப்படா எண்டு நான்தான் சென்ன. இவடத்த நானும் ஆளப் பாக்கலாம்தானே."

அது உண்மைதான். அதற்கு முன் இரண்டு குடும்பம் வந்து, ரோல்ஸ் தின்று, தேத்தண்ணீர் குடித்து, பிறகு வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். ராத்தா முன்வாசலால் போகாமல் பின் ஒழுங்கையால் பள்ளிக்கூடம் போய் வந்த காலம் அது. இதுவும் சரிவராவிட்டால் கலியாணக் கதையே எடுக்கக் கூடாது என்று உம்மாவிடம் சொல்லியிருந்தாளாம்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவது. ஆக, களிமண் பூசிக்கொண்டு நின்ற அந்த ஆள் எங்கள் வீட்டில் வந்து இருக்கப்போகிறவர். அநேகமாக என்னுடைய அறையில்...

பெடல் படகு ராத்தாவின் ஏற்பாடு. இரண்டு பேரும் தனியாகப் போக முடியாதே, அதனால் என்னையும் ஏற்றினார்கள். முன்னால் பெடலில் நானும் சப்பாத்துக்காரரும். பின்னால் ராத்தா, அவருடைய முதுகோடு கதைத்தாள்.

"எங்கட ஊட்டதான் வந்து இரிக்கணும். நான் வேலைய உடமாட்டன். உங்களுக்கு எப்பிடி?"

 அவர் பக்கத்துப் பெடல் நின்றுவிட்டது. சுக்கான் வேறு தளர்ந்து கிடந்ததால் படகு நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கியது.

"உங்களத்தான் கேட்ட."

"எனக்குத் தண்ணியெண்டாப் பயம்," என்றார் அவர். "கரைக்குப் போய்ச் செல்லட்டா?"

கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. தண்ணீர் இடுப்பளவு கூட இல்லை, லைஃப் ஜாக்கெட்டும் போட்டிருக்கிறோம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். முதுகில் ஒரு குத்து விழுந்தது.

"கதைக்காதடா. கெதியா மிதி."

ஒலுவில் ஆள். சுனாமி வந்தபோது ஸ்கூல் போகிற வயது. எங்கள் கரையில் அதற்குமேல் யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

கரையில் இறங்கியதும் அவர் மரத்தடியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். ராத்தா நேரே உம்மாவிடம் போனாள்.

"ஓம் எண்டு செல்லுங்க."

"அவர் ஒண்டுக்கும் பதில் செல்லலயே ராத்தா?"

"உனக்கு விளங்காது."

மஹ்ரிப் தொழுகைக்கு, பொழுது படுவதற்கு முன்னமே அவர்கள் பக்கமிருந்தும் ஓம் வந்துவிட்டது. வாப்பா கடைக்கு அவசரப்பட்டதால் விடிந்ததும் கிளம்பினோம். நான் சறுக்கவே இல்லை.

மச்சான் இப்போது எங்கள் வீட்டில்தான். என் அறையில்தான். ராத்தாவின் அந்தக் கேள்விக்கு எப்போதாவது வாயால் பதில் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ராத்தா வேலைக்குப் போகிறாள், காலையில் பிள்ளைகளுக்குத் தலை வாரி விடுவது மச்சான்...

இப்போது என் முறை. மீன்குளம், களிமண் ஒன்றும் இல்லை. பயோடேட்டாவை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமாம். நேற்று நானே உட்கார்ந்து டைப் செய்தேன். உயரம், படிப்பு, வேலை, சம்பளம், ஒரு போட்டோ. திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை.

ஆனால் இதில் எதைப் பார்த்து ஒருத்தி ஓம் என்பாள்? அதுதான் விளங்கவில்லை. இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.