ஷூவோடு ஏறிய எடை

கேன்டீன் வாசலில் முத்துச்செல்வி கொஞ்சம் நிற்பாள். கையில் பொத்தி வைத்திருக்கும் எலுமிச்சை இலையை நகத்தால் கீறி, முகக்கவசத்துக்குள் மூக்கை ஒட்டிச் செருகிக்கொள்வாள். சாப்பிட்டு வெளியே வருகிறவர்களில் யாரையாவது மறித்து, "இன்னைக்கு என்ன, சாம்பாரா காரக்குழம்பா?" என்று விசாரிப்பாள். சாம்பார் என்றால் வந்த வழியே திரும்பிவிடுவாள். அத்தனை பேருக்கும் சேர்த்துக் கொதிக்கிற பெருங்காய வாசனை ஒற்றை இலைக்கு அடங்காது.

சும்மா சொல்லக்கூடாது, இதே கேன்டீனில் ஒரு காலத்தில் இவள் தட்டோடு வந்து நின்றால் சோறு போடுகிறவர் பெரிய கரண்டிக்கு மாறுவார். அப்படி ஒரு சாப்பாடு. தென்காசிப் பக்கத்துப் பெண். சென்னைக்குப் பக்கம் வல்லம் வடகாலில் வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் ஒப்பந்த வேலை. செம்புக் கம்பியின் நுனியில் டெர்மினல் என்கிற குட்டி உலோக முனையை வைத்து மெஷினில் அழுத்த வேண்டும். அந்த லைனில் இவள் கைவேகத்துக்கு ஆள் கிடையாது.

இப்போது வயிற்றில் பிள்ளை. மாதம் ஆறு நடக்கிறது. "மூணு மாசத்துல மசக்கை போயிரும்னு சொன்னவுக ஒருத்தரும் இப்ப வாயத் தெறக்க மாட்டேங்காவ" என்று சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்கிறாள். சோறு, இட்லி, டீ எதை வாயில் வைத்தாலும் ஒரே ருசிதான். "நாள் பூரா டெர்மினல நக்கிட்டு இருக்க மாதிரில்லா இருக்கு வாயி."

அதற்கென்று சில உபாயங்கள் கைவசம் வைத்திருக்கிறாள். விடிந்ததும் தலைமாட்டில் இருக்கும் பொரி டப்பாவைத் தடவி எடுத்து, படுத்தபடியே ஒரு பிடி மென்ற பிறகுதான் எழுந்திருப்பாள். எழுந்துவிட்டு மென்றால் பலிக்காதாம். வாயை உப்புத் தண்ணீரில் அடிக்கடி கொப்பளிப்பாள். சூடாக எதையும் தொடமாட்டாள், ஆறினால் வாசனை அடங்கும் என்பது கணக்கு. இதில் அகப்பட்டுக்கொண்டவன் அவள் புருஷன் சக்திகுமார். ஒரகடத்தில் லாரி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறான். முதலில் அவன் தலைக்கு வைக்கும் எண்ணெய்க்குத் தடை வந்தது, பிறகு சோப்புக்கு, அப்புறம் பற்பசைக்கு. பாவி மனுஷன் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு, பக்கத்து அறைக்காரர்களிடம் போய்ப் பல் தேய்க்கிறான். சாப்பிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், "கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிப் பேசுங்க, வெங்காயம் நாறுது" என்று முதுகைப் பிடித்துத் திருப்பிவிடுகிறாள்.

ஊரில் இருக்கும் தாய் உலகம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. புளிமிளகாய், எள்ளுப்பொடி, கருப்பட்டி என்று கட்டி ஆம்னி பஸ் டிரைவர் கையில் கொடுத்துவிடுகிறாள். விடியற்காலையில் சக்திகுமார் பைக்கில் சிங்கப்பெருமாள் கோவில் போய் ரோட்டோரம் நின்று வாங்கி வருவான். கல்யாணத்துக்கு முன்பு அந்தப் புளிமிளகாய்க்காகத் தம்பியோடு மல்லுக்கு நின்றவள் இவள். இப்போது மூடியைத் திறந்ததுமே குமட்டிக்கொண்டு ஓடுகிறாள். தாய் போனில், "இறங்குதா ஏட்டி?" என்பாள். "ரெண்டு தட்டு சோறு போச்சும்மா" என்று இவள் சொல்லிவைப்பாள். தாய் மனசு, அடுத்த வாரம் அதே டப்பா இரட்டிப்பாக வந்து இறங்கும். வரிசை வீட்டில் இருக்கும் அத்தனை பையன்களும் இன்று உலகம்மாளின் கைமணத்துக்கு அடிமை. பெற்றவளிடம் பொய் சொன்னது இவளுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டேதான் இருக்கிறது.

பொய் வெளுத்தது சுகாதார நிலையத்தில். போன மாதம் லீவு நாளில், செருப்பை வாசலில் விட்டுவிட்டு எடை பார்க்கப் போனாள். நர்ஸ் பிரவீனா முள்ளைப் பார்த்தார், அதற்கு முந்தின மாதத்து எடையைப் பார்த்தார். "இன்னாம்மா, ஏற வேண்டிய நேரத்துல எறங்கினு போறே? அடுத்த வாட்டியும் இப்படி வந்தேன்னா பெட்ல போட்டு ட்ரிப்ஸ் ஏத்திடுவேன். உன் வூட்ல பெரியவங்க யாரும் இல்லியா?"

செய்தி சக்திகுமார் வழியாகத் தென்காசி போய்விட்டது. உலகம்மாள் அழுது தீர்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தாள்: "அடுத்த தடவ எட ஏறலன்னா நானே வந்து கூட்டிட்டு வந்துருவேன்." தென்காசி போனால் மறுநாளே அந்த மெஷினில் வேறொரு பெண் நிற்பாள். ஒப்பந்த ஆளுக்கு யாரும் இடம் பிடித்து வைப்பதில்லை. வளைகாப்பு வரைக்குமாவது வேலையில் இருந்துவிட வேண்டும் என்பது இவள் ஆசை. அதைவிடப் பெரிது பயம். உள்ளே இருப்பது பட்டினி கிடக்கிறதோ என்ற பயத்தில் குளிக்கும்போது தனியாக அழுதிருக்கிறாள்.

கைகொடுத்தது இவர்கள் குடியிருக்கும் பிள்ளைப்பாக்கத்து வரிசை வீட்டின் சொந்தக்காரர் ராஜம்மா. குடிவந்த புதிதில் அவர் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் கொடுத்தனுப்பியபோது, "சிமெண்டக் கரைச்சுக் குடுத்துருக்காவ" என்று புருஷனிடம் சொல்லிச் சிரித்தவள்தான் முத்துச்செல்வி. ஒருநாள் குழாயடியில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தவளின் முன்னால் அதே சொம்பு வந்து நின்றது. "இன்னாம்மே, துன்றதெல்லாம் வெளியவே போவுது? இந்தா, ஒரு வாய் குடி. எறங்கலியா, துப்பிடு. நான் இன்னா கேக்கப் போறேன்?" மோர் விட்டுக் கரைத்த கூழ். சூடில்லை, தாளிப்பில்லை. ஒரு வாய் இறங்கியது. இன்னொரு வாய் இறங்கியது. டெர்மினல் ருசிக்குப் பதிலாக நாக்கில் புளிப்பு நின்றது. முத்துச்செல்வி சொம்பைக் கவிழ்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

அன்றிலிருந்து கூழ் பாட்டிலில் அவளோடு வேலைக்கு வருகிறது. கேட்டில் செக்யூரிட்டி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இன்னாம்மா இது, சிமெண்டு கரைச்சி எத்துனு வந்துகீறே?" தன் பேச்சு தன்னிடமே திரும்பி வந்ததில் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஆமாண்ணே, உள்ள வீடு கட்டுதோம்லா" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனாள்.

கூழ் இறங்கினாலும் எடை ஏறுமா என்பது வேறு கதை. அந்த யோசனையோடுதான் ஒரு காலையில் லைன் தொடங்குமுன் வரிசையில் நின்றாள். சூப்பர்வைசர் வழக்கம்போல, "கேப்? மாஸ்க்? ஷூ?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஷூ என்றதும் எல்லோரும் காலைப் பார்க்க வேண்டும். இவளும் பார்த்தாள். முன்பக்கம் இரும்பு வைத்துத் தைத்த பாதுகாப்பு ஷூ. ஒற்றை ஷூவைத் தூக்கினாலே கை கனக்கும். "ஐயையோ!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

முதல்முறை எடை பார்க்க ஷிப்டு முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே போயிருந்தாள். வாயும் வயிறுமாகப் பெண்கள் கூட்டம். நெருக்கியடித்துப் போய் ஷூவோடு எடைமிஷினில் ஏறி நின்றுவிட்டாள், யாரும் காலைக் குனிந்து பார்க்கவில்லை. அடுத்த மாதம் வெறுங்காலோடு ஏறினாள். குறைந்தது இவளல்ல, ஷூ.

முதலில் நிம்மதி வந்தது. கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது. இறங்கவில்லை என்பது சரி, ஏறவும் இல்லையே! வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவன் யோசிக்கவே இல்லை. "அப்பம் இந்தத் தடவையும் ஷூவோடயே ஏறிரு பிள்ள. எட ஏறுன மாதிரி காட்டும். அத்தையும் வர மாட்டாவ, வேலையும் இருக்கும்." முத்துச்செல்வி கூழைக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இந்த மாதத்து முறை வந்தது. முதல் ஷிப்டு முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஷூவோடுதான் போனாள். மாற்றுச் செருப்பை வேண்டுமென்றேதான் வீட்டில் விட்டு வந்திருந்தாள். வரிசை நகர்ந்தது. வாயில் பழையபடி செம்பு ருசி ஊறியது. "முத்துச்செல்வி, ஏறும்மா" என்றார் பிரவீனா, நிமிராமல்.

எடைமிஷின்மேல் வைத்த காலை அவள் கீழே இறக்கினாள். குனிந்து பார்த்தாள், வயிறு இடித்தது, லேஸ் எட்டவில்லை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தூக்கி மறுமுழங்கால்மேல் போட்டு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"அப்படியே ஏறி எறங்கும்மா, எங்களுக்கு நேரமாவுது" என்றாள் வரிசையில் பின்னால் நின்றவள்.

"இருங்கக்கா."

இரண்டு ஷூவையும் கழற்றிச் சுவரோரம் தள்ளி வைத்தாள். எழுந்து ஓரடி வைத்தவள், திரும்பி வந்து, தோளில் கிடந்த கூழ் பாட்டில் பையையும் இறக்கி ஷூவின் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறி நின்றாள்.